மஞ்சள் பூசிய துப்பாக்கி

எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை நான்தான். கட்டுமரம் முதல் அலையைத் தாண்டும் முன்பே காலையில் குடித்த கூழ் மீன்களுக்குப் போய்விடும். என்னைப் பெற்றவர் மூன்று வருஷம் முயன்று பார்த்தார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டார், எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இருக்கச் சொன்னார், ஒரு தடவை கயிற்றால் என்னைக் கட்டுமரத்தோடு சேர்த்துக் கட்டிக்கூட வைத்தார். கட்டிவைத்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கைகழுவிவிட்டார்.

அப்படித்தான் ஏரிக்கு அந்தப் பக்கம், பழவேற்காட்டில் கடல் தாண்டி வந்த உலாந்தாக்காரர்களின் கோட்டையை ஒட்டி இருந்த மருந்துச்சாலைக்கு வேலைக்குப் போனேன். காய்ச்சலுக்குக் கொடுக்கிற மருந்து இல்லை, பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் போடுகிற கறுப்பு மருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் இடித்துச் சலித்துப் பீப்பாயில் அடைக்க வேண்டும். உள்ளே நுழைய இரும்பு கூடாது, செருப்பு கூடாது, சுருட்டு கூடவே கூடாது. பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வருவதும் கூடாது என்பார் மேஸ்திரி. கோபத்தில் எதையாவது போட்டு உடைப்போமாம். பீப்பாயின்மேல் அடையாளம் எழுத ஆள் வேண்டும் என்பதால் எழுத்தும் அங்கேதான் கற்றேன். பதினைந்து வருஷம் மருந்தோடு புழங்கியும் பத்து விரலும் என்னிடம் இருந்தன. அதை ஊரில் யாரும் பெருமையாக எண்ணவில்லை. அவர்களுக்கு நான் உரலில் இடிக்கிறவன், அதாவது பொம்பளை வேலை செய்கிறவன்.

துப்பாக்கி எங்கள் குப்பத்துக்கு வந்தது என் மச்சான் மடியில். என் பெண்டாட்டியின் அண்ணன் அவர், ஊருக்குத் தலைவரான நாட்டார். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கிற குப்பங்களின் நாட்டார்களை எல்லாம் கோட்டைத் துரை கூப்பிட்டு அனுப்பியிருந்தார். போனவர் படகில் திரும்பி வரும்போது புதுவேட்டியில் சுற்றிய நீளமான ஒன்றை மடியில் கிடத்தி, வெயில் படாமல் துண்டால் நிழல் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பெற்ற பிள்ளை எதற்கும் அவர் அப்படி நிழல் பிடித்ததில்லை.

துரையின் உத்தரவு இதுதான். கடலில் தெரியாத பாய்மரம் எதாவது தென்பட்டால் குப்பத்தில் இருந்து ஒரு வெடி போட வேண்டும், சத்தம் கோட்டைக்குக் கேட்கும். சுடத் தெரிந்த ஆள் ஒருவர் எப்போதும் கரையில் இருக்க வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் துரையே வந்து பார்ப்பார். நாற்பது தப்படி தூரத்தில் பானை வைக்கப்படும். மூன்று வெடிக்குள் அதை உடைக்க வேண்டும். உடைக்காவிட்டால் துப்பாக்கியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஐந்து சிப்பாய்களைக் குப்பத்திலேயே தங்க வைத்துவிடுவார்.

ஐந்து சிப்பாய் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். தெற்கே ஒரு குப்பத்தில் போன மழைக்கு முன்பு இப்படித்தான் தங்க வந்தார்கள். முதல் வாரம் கோழிகள் காணாமல் போயின. அடுத்த வாரம் சாராயப் பானைகள். அதற்கடுத்து அந்தக் குப்பத்துப் பெண்பிள்ளைகள் தண்ணீருக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்களை எல்லாம் தோணிரேவு, எளாவூர் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கிழவிகளும் நாய்களுமாக அந்த ஊர் கிடந்தது. எனக்கும் பதினோரு வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆகவே துப்பாக்கி வந்த அன்று ஊரே கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தபோது, எனக்குப் பானை உடையுமா என்ற ஒரே கவலைதான்.

முதலில் சுட்டவர் மச்சான். நாட்டார் இருக்கும்போது வேறு யார் தொடுவது? கோட்டையில் ஒரு சிப்பாய் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். குழலில் மருந்து, குண்டு, கோலால் இடி. பக்கவாட்டில் கிண்ணி போன்ற ஒரு சின்னக் குழி, அதில் ஒரு சிட்டிகை மருந்து. குழிக்கு ஒரு மூடி. புகைகிற திரியை மாட்டிவைத்து, மூடியைத் திறந்து, விசையை இழுத்தால் திரி வந்து குழியைத் தொடும். தொட்டால் வெடிக்கும். மச்சான் எல்லாம் சரியாகச் செய்தார். விசையை இழுக்கும்போது மட்டும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். குண்டு எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மச்சான் எங்கே போனார் என்று எல்லோருக்கும் தெரியும்; காய்ந்துகொண்டிருந்த கவலைமீன்மேல் மல்லாந்து கிடந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீரராக வந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு சங்கடம் இருந்தது. பிறந்ததில் இருந்து வீச்சுவலை வீசிப் பழகிய கைகள் அவை. வலை வீசுகிறவன் உடம்பைச் சுழற்றி, சரியான கணத்தில் இரண்டு கையையும் விட்டுவிட வேண்டும். விடாதவன் வலையோடு தண்ணீரில் போவான். அந்தப் பழக்கம் துப்பாக்கியிடமும் போகவில்லை. விசையை இழுத்து, வெடிக்கிற கணத்தில், எல்லோரும் கையை விட்டார்கள். துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் தனியாகப் பறந்து மணலில் விழுந்தது. ஒருவர் விடும்போது “ஹோய்” என்று சத்தமும் போட்டார். நல்ல வீச்சு, மீன் இருந்திருந்தால் மாட்டியிருக்கும்.

“காத்து சரியில்ல”ன்னு ஒருவர் சொன்னார்.

“வாடைக் காத்துல எவனால சுட முடியும்?” என்றார் இன்னொருவர்.

பானை அசையாமல் நின்றது. பத்து நாள் போயிற்று. கரையில் ஒரு காக்கைகூட உட்காரவில்லை என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. கடைசியில் மச்சானுக்கு என் ஞாபகம் வந்தது.

“மாப்ள, நீ மருந்துலயே பொறண்டுகினு கீற. உனக்குத் தெரியாததா? நீயே யாருக்குனா சொல்லிக் குடு. கரையில குந்திகினு இருக்கற ஆளா பாரு.”

கரையில் குந்துகிற ஆண்பிள்ளை என்று குப்பத்தில் யாரும் கிடையாது, என்னைத் தவிர. நானோ விடிந்தால் மருந்துச்சாலைக்குப் போகிறவன். பெண்கள் கூடை சுமந்து மீன் விற்கப் போய்விடுவார்கள். பகலில் கரையில் இருப்பது பிள்ளைகள்தான். அதில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தப் பாய் யாருடையது என்று அடையாளம் சொல்கிறவள் என் மகள். இதை நான் சொன்னதும் மச்சான் சிரித்தார், ஊர் சிரித்தது, கடைசியாக என் பெண்டாட்டியும் சிரித்தாள். சிரித்து முடித்தபின் அவர்களுக்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை.

துப்பாக்கி சுட எனக்கே தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து மூன்று சாயங்காலம் ஒரு கோட்டைச் சிப்பாயின் காலில் விழாத குறையாகக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஆனால் மருந்து எனக்குத் தெரியும். அது யாரையும் மதிக்காது. நாட்டாரும் ஒன்றுதான், நாயும் ஒன்றுதான். மகளுக்கு நான் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

முதல் நான்கு நாள் மருந்தே கிடையாது. வெறும் துப்பாக்கி. அடுக்கி வைத்த கட்டுமரத் துண்டுகளுக்குப் பின்னால் அவளைக் குப்புறப் படுக்க வைத்து, குழலை மரத்தின்மேல் சாய்த்து, தோளில் பழைய வலையை மடித்துத் திணித்தேன். தூக்கிச் சுட அவளுக்கு வலு இல்லை. படுத்துச் சுட யாருக்கும் வலு வேண்டாம். முனை எப்போதும் ஆளில்லாத கடல் பக்கம். சுடப்போகும் வரை விரல் விசைக்கு வெளியே. எரிகிற திரி ஒரு பக்கம், மருந்துக் குடுவை இன்னொரு பக்கம், நடுவில் பத்துத் தப்படி.

“உள்ள ஒண்ணும் இல்லியே நைனா, அப்புறம் இன்னாத்துக்கு முனைய அந்தப் பக்கமே வச்சிக்கணும்?” என்று கேட்டாள்.

“இல்லன்னு உனக்கு யார் சொன்னது?”

“நீதான்.”

“நான் மறந்துட்டு சொல்லியிருந்தா?”

“நீ மறக்க மாட்ட” என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரில் ஒருவரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. பாடம் அங்கே தப்பிப் போனது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. “நைனாவா இருந்தாலும் நம்பாத”ன்னு சொல்லியிருக்க வேண்டும். பெருமையில் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடமாட முடியவில்லை. துப்பாக்கி சுவரோரம் இருந்தால் அதன் முனைக்கு முன்னால் யாரும் போகக் கூடாது. அவள் அம்மா அடுப்புக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்கமாக வாசலுக்கு வந்து சுற்றிப் போக வேண்டும். ஒரு தடவை மச்சான் வீட்டுக்கு வந்து, பேச்சு சுவாரசியத்தில் துப்பாக்கியை எடுத்து, “துரை இப்டித்தான் புடிப்பாரு”ன்னு முனையை என் வயிற்றுக்கு நேராகத் திருப்பினார்.

“மாமா, கீழ வை.”

“அட, வெறும் கட்டை இது.”

“கீழ வை மாமா. வச்சாத்தான் உனக்குச் சோறு.”

நாட்டார் வைத்தார். அன்று வஞ்சிரக் குழம்பு.

ஐந்தாம் நாள் பாதி அளவு மருந்து போட்டுச் சுட வைத்தேன். தோள் சிவந்தது, அழவில்லை. கையை விடவும் இல்லை. அவள் வலை வீசிப் பழகாதவள். எட்டாம் நாள் பானையின் விளிம்பு பறந்தது. பத்தாம் நாளில் இருந்து மூன்றுக்கு ஒன்று கட்டாயம் உடைந்தது. என் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள், உடைகிற பானை எல்லாம் அவளுடையது. ஆண்கள் கடலில் இருந்து வந்து கரையில் ஓட்டாஞ்சில்லுகளைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, “இப்ப காத்து நின்னுபோச்சு, அதான்” என்பார்கள்.

ஆனாலும் அந்த வாரம் ஊரில் என் நடை மாறியது. சாவடியில் உட்கார எனக்கு இடம் கொடுத்தார்கள். ஓரமாகத்தான், ஆனால் பாயில். சுருட்டு நீட்டினார்கள். என் வாந்தியைப் பற்றி ஒரு வாரமாக யாரும் பேசவில்லை. முப்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

துரை வருகிற நாள் வந்தது. விடியற்காலையிலேயே மச்சான் ஆள் அனுப்பினார். அம்மன் கோயில் முன்னால் துப்பாக்கிக்குப் பூசை. புதுவலை இறக்கினால் பூசை, புதுமரம் கட்டினால் பூசை, ஆகவே துப்பாக்கிக்கும் பூசை. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மச்சான் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்த்தான் மீதியைச் சொன்னார்.

“மாப்ள, உள்ள மருந்து, குண்டு எல்லாம் போட்டு வை.”

“பூசைக்கு எதுக்கு மச்சான்?”

“இன்னா கேள்வி இது? வெறும் வயித்தோட எதுனா சாமி முன்னாடி வைப்போமா?”

இதற்கு எங்கள் ஊரில் பதில் கிடையாது. புதுவலைக்குப் பூசை போட்டால் அதில் ஒரு மீனாவது கிடக்க வேண்டும். படகுக்குப் போட்டால் உள்ளே ஒரு மரக்கால் அரிசி கொட்டி வைக்க வேண்டும். காலிக்குடம், காலிக்கூடை, காலிமுறம் எதுவும் அம்மன் கண்ணில் படக் கூடாது. பட்டால் வருஷம் முழுக்க அப்படியே காலியாகக் கிடக்கும். துப்பாக்கிக்கு வயிறு எது என்று யோசித்து, குழல்தான் என்று முடிவு செய்து, அதையும் நிறைத்து வைக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். “திரி இல்லாம வெடிக்காது, அதனால பரவால்ல”ன்னு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவடிப் பாய் என் கண் முன்னால் வந்தது. குழலில் முழு அளவு மருந்தும் குண்டும் போட்டு இடித்தேன், குழியிலும் ஒரு சிட்டிகை வைத்து மூடினேன். பிள்ளை குளித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது.

கோயில் முன்னால் பலகை போட்டு, துப்பாக்கிக்குக் குழலில் இருந்து கட்டை வரை மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். கழுத்து எது என்று தெரியாமல் நடுவில் மாலை கட்டினார்கள். முனை அம்மனைப் பார்த்து இருந்தது. பூசாரி பதறினார், சாமிக்கு நேராக ஆயுதத்தை நீட்டலாமா? உடனே நான்கு பேர் பயபக்தியோடு துப்பாக்கியைத் திருப்பி, முனையை ஊர்ச்சனங்கள் பக்கம் வைத்தார்கள். அதோடு விடவில்லை. மூடி போட்ட பானையைப் படைக்கக் கூடாதாம், படையல் என்றால் திறந்துதான் வைக்க வேண்டும். மச்சான் தன் கையாலேயே குழியின் மூடியைத் திறந்து வைத்தார். அம்மனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரைக் கொல்ல ஒரு எதிரி திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

பூசாரி கற்பூரத்தைத் தட்டில் வைத்து ஏற்றினார். அதுவும் கோட்டை வழியாகக் கப்பலில் வந்த சரக்குதான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரி இல்லாமல் வெடிக்காது என்று நினைத்தேனே, நெருப்புக்குத் திரி என்ன, கற்பூரம் என்ன? வாயைத் திறந்தால் போதும். ஆனால் முன்வரிசையில் என்னை நிற்க வைத்திருந்தார்கள், மச்சானுக்கு வலப்பக்கம். ஊரே கையைக் கூப்பிக்கொண்டிருந்தது. பூசையை நிறுத்தினால், கடலைக் கண்டு பயப்படுகிறவன் இப்போது கற்பூரத்தைக் கண்டும் பயப்படுகிறான் என்பார்கள். பூசாரி தட்டை உயரத்திலேயே காட்டிவிட்டு இறக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், வேண்டிக்கொண்டேன்.

“சுடப்போற புள்ள முன்னாடி வா. வந்து நின்னு ஆரத்தி எடுத்துக்கோ” என்றார் பூசாரி.

மகள் வந்தாள். புதுப்பாவாடை, தலையில் கனகாம்பரம். பலகைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். முனை இருந்த திசையைப் பார்த்தாள், அதற்கு நேராக நிற்கச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நைனா, உள்ள எதுனா கீதா?”

எல்லோரும் கேட்டார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். மருந்து இருக்கிறது என்று சொன்னால், ஏன் போட்டாய், நீயே சொல்லிக்கொடுத்துவிட்டு நீயே ஏன் போட்டாய் என்று அவள் கேட்பாள். ஊர் முன்னால் கேட்பாள். அவள் அப்படித்தான்.

“இல்ல” என்றேன்.

அவ்வளவுதான். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய் முனைக்கு முன்னால் இரண்டு முழத்தில் நின்று, கண்ணை மூடிக் கைகூப்பினாள். பூசாரி மணி அடித்துக்கொண்டே தட்டை இறக்கினார்.

“கீது! உள்ள கீது!” என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவதைப் போலக் கேட்டது. பாய்ந்து குழலைக் கீழிருந்து மேலே தள்ளினேன். தட்டு என் முழங்கையில் மோதி, கற்பூரம் சரிந்து குழியில் விழுந்தது. வெடித்தது. புகையில் ஒன்றும் தெரியவில்லை. என் பெண்டாட்டி மகள் பெயரைச் சொல்லிக் கத்துவது மட்டும் கேட்டது.

புகை கலைந்தபோது மகள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். முன்நெற்றி முடி கருகி, முகமெல்லாம் கரி. குண்டு அவள் தலைக்கு மேலாகப் போய், கூட்டத்தின் தலைக்கும் மேலாகப் போய், சாவடித் தூணில் உறியில் தொங்கிக்கொண்டிருந்த மோர்ப்பானையை உடைத்திருந்தது. என் வாழ்நாளில் நான் உடைத்த ஒரே பானை அது.

மச்சான் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார்.

“பாத்தீங்களாடா! அம்மாவே சுட்டுக் காட்டிட்டா! பானை ஒடஞ்சுதா இல்லியா?”

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டு பேருக்கு அருள் வந்தது. வயிற்றை நிறைத்து வைத்ததால்தான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பூசாரி விளக்கம் சொன்னார். என்னைக்கூட ஒருவர் தட்டிக்கொடுத்தார், சரியான நேரத்தில் அம்மன் என் உடம்பில் புகுந்தாளாம். என் பெண்டாட்டி மட்டும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, “அவ கேட்டப்ப உன் வாய்ல இன்னாய்யா கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த?” என்று கேட்டாள். நான் கொழுக்கட்டை வைத்திருக்கவில்லை. வாய் திறந்து, தெளிவாக, இல்லை என்று சொல்லியிருந்தேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணில் விழுந்த கரியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியதும் துரையின் படகு வந்தது. துரை, துபாஷி, நான்கு சிப்பாய்கள். கரையில் நாற்பது தப்படிக்குப் பானை வைக்கப்பட்டது. என் மகள் இனி அதைத் தொடவே மாட்டாள் என்று நான் பயந்தேன். தொடாவிட்டால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. வந்த நான்கு சிப்பாய்களும் அதற்குள் யார் வீட்டுத் திண்ணை அகலம், யார் வீட்டில் கோழி என்று பார்வையிட ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மகள் அதையும் பார்த்தாள். எழுந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரம் போனாள். மஞ்சளைக் கழுவினாள், மாலையை அறுத்துப் போட்டாள், குழலைத் துடைத்து உலர்த்தினாள். பூசாரிக்கு முகம் செத்துவிட்டது. மருந்துக் குடுவையை எடுத்துக் கொடுக்க நான் போனேன்.

“வேணாம். நானே போட்டுக்கறேன்.”

துரை பக்கவாட்டில், நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் வந்து நின்றார். அவள் படுத்தபடியே தலையைத் திருப்பி, “அவரப் பின்னாடி போய் நிக்கச் சொல்லு” என்றாள். துபாஷி விழித்தார். அவர் மொழிபெயர்ப்பதற்குள் அவள் கையைக் காட்டிவிட்டாள். துரை சிரித்துக்கொண்டே பின்னால் போனார். அந்தக் கோட்டையை ஆண்ட மனிதரை ஒதுங்கி நிற்கச் சொன்ன முதல் ஆள் பதினோரு வயதுப் பெண் என்பதை நான் இன்றும் எல்லோரிடமும் சொல்வேன்.

முதல் வெடி மணலில். இரண்டாவது வெடி பானையின் நடுவில்.

ஊர் கூத்தாடியது. மச்சான் துரையிடம், தான்தான் இவளுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்ததாகத் துபாஷி வழியாகச் சொன்னார். துரை தலையை ஆட்டினார். சிப்பாய்கள் வேண்டாம், துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும் என்றார். பிறகு துபாஷி ஏட்டை எடுத்தார். துப்பாக்கி யார் பொறுப்பில் என்று ஒரு பெயர் எழுத வேண்டும், பெண்பிள்ளையின் பெயரை எழுத வழக்கமில்லை, அப்பன் பெயரைச் சொல் என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார். கோட்டை ஏட்டின்படி எங்கள் குப்பத்தில் துப்பாக்கி பிடிக்கத் தகுதி உள்ள ஒரே ஆள் நான்.

அன்று பொழுது சாயும் முன், ஆட்டம்பாட்டம் எல்லாம் அடங்கிய பிறகு, மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கருகிய முன்முடியை அவள் அம்மா கத்தரித்து விட்டிருந்தாள், நெற்றி பெரிதாகத் தெரிந்தது. நான் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று சொல்லி ஒரு மகளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. “சரியா சுட்ட கண்ணு” என்றேன். அவள் குழலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்து அவள் மருந்து போட வேண்டும், கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிற நேரம் அது. குடுவையைத் திறக்கப்போனவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ வெளியில போய் நில்லு நைனா” என்றாள். “மருந்து போடறப்ப நீ பக்கத்துல இருக்கக் கூடாது.”

பதினைந்து வருஷம் மருந்துச்சாலையில் வேலை பார்த்தவன் நான். எழுந்து வெளியே போய் நின்றேன்.